எளிமையான முகாம்

முகாம் போட இடம் பார்ப்பதற்காக வெள்ளாற்றங்கரைப் புங்கந்தோப்புக்குள் நான் வைத்த முதல் அடியே மலத்தின் மேல் விழுந்தது. பூட்ஸ் போட்டிருந்தேன். பூட்ஸ் சமஸ்தானத்துடையது, கழுவப்போகும் கை என்னுடையது. பின்னால் வந்துகொண்டிருந்த மணியக்காரர் ராசு அம்பலம், நான் ஒற்றைக் காலில் நின்று மரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, "பாத்து வாங்க இன்ஸ்பெக்டர் ஐயா, நம்ம சனங்க காலையில ஒதுங்குற எடம்" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அதற்குள் நான் தோப்பை முழுதாகப் பார்த்துவிட்டேன். நல்ல நிழல், பக்கத்தில் வெள்ளை வெளேரென்று மணல், எதிர்க்கரையில் நாணல். பார்க்கிறவன் கண்ணை மட்டும் கொண்டுவந்து மூக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் இதைவிட அழகான இடம் அன்னவாசல் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

நான் திருப்பதி, புதுக்கோட்டை சமஸ்தானத்துச் சானிட்டரி இன்ஸ்பெக்டர். ஊர்க்காரர்களுக்கு அந்த உத்தியோகப் பெயர் வாயில் நுழையாது. "வாந்திபேதி ஐயா" என்பார்கள். நோய் வந்தால்தான் நான் வருவேன் என்பது ஒரு காரணம். நான் வந்ததால்தான் நோய் வந்தது என்று நம்புகிறவர்கள் ஊருக்குப் பாதிப்பேர் இருப்பது இன்னொரு காரணம். சந்தைச் சாக்கடை, கசாப்புத் தொட்டி, கேட்பாரற்ற பிணம் இவற்றை முகர்ந்து பார்த்துத்தான் எனக்குச் சோறு. மற்றவர்களுக்கு இந்த வேலையில் மூக்கு மரத்துப்போகுமாம். எனக்கு வருஷத்துக்கு வருஷம் கூர்மையாகிக்கொண்டு போனது. சாப்பிட உட்கார்ந்தால் இலையை முகர்ந்து பார்ப்பேன். என் மனைவி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அது யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷத்து மாசி மாதம். திருச்சியிலிருந்து ஒரு துரையும் துரைசானியும் சித்தன்னவாசல் குகையைப் பார்க்க வருவதாகத் தாசில்தார் கூப்பிட்டுச் சொன்னார். பங்களாவில் தங்க மாட்டார்களாம். ஆற்றங்கரையில், நிலவில், மணலில், எளிமையாக ஒரு முகாம் இருந்தால் போதுமாம். ஆடம்பரம் துளிக்கூட வேண்டாமாம். தாசில்தார் அந்த 'எளிமையாக' என்ற சொல்லை நாலைந்து தடவை சொன்னார். சொல்லச் சொல்ல அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. பெரிய மனிதர்களுக்கு எளிமை மேல் ஆசை வந்துவிட்டால் சின்ன மனிதர்கள் ஒரு வாரம் தூங்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடம் பார்த்து, தண்ணீர் பார்த்து, கக்கூஸ் குழிக்கு இடம் குறித்துக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு.

"இந்தத் தோப்பு வேண்டாம். வேறு இடம் பார்ப்போம்" என்றேன், பூட்ஸை மணலில் தேய்த்துக்கொண்டே.

"வேற எங்கிட்டும் நெழலு இல்லீங்க. இதென்ன, ஒரு நாள்ல சுத்தம் பண்ணிப்பிடலாம். சேரி ஆளுகளை வரச் சொல்லியிருக்கேன்."

வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். தென்னமட்டையும் ஓட்டைக் கூடையும் கொண்டு வந்தார்கள். ஊர் ஒதுங்கிவிட்டுப் போனதை ஊருக்கு அடுத்த சேரி சுரண்டி அள்ளியது. கூலி உண்டா என்று நான் கேட்டதற்கு ராசு அம்பலம் சிரித்தார். துரை வருகிறபோது கூலி பேசுவது ஊருக்கு அழகில்லையாம். அவரும் அவர் ஆட்களும் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, காற்று வீசும் பக்கமாக நகர்ந்து நின்று, அங்கே ஒன்று கிடக்கிறது இங்கே ஒன்று கிடக்கிறது என்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் அவர்களுடையது. எதை யார் விட்டுப்போனது என்றுகூட அவர்களால் சொல்ல முடிந்திருக்கும்.

அள்ளியவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். இருளாயி. ஐப்பசியில் வாந்திபேதி வந்தபோது சேரியில் முதலில் போனது அவள் இளைய மகள். நான் மருந்தோடு போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணைப் பாயில் சுருட்டி வாசலில் வைத்திருந்தார்கள். இருளாயி அழாமல் என்னிடம், குடத்துத் தண்ணீரைக் கொட்டவா வைத்துக்கொள்ளவா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. பிரசவத்துக்கு வந்திருந்த மூத்த மகள் செவந்தியைப் பற்றிக் கூடையைத் தூக்கும்போது யாரோ அவளிடம் விசாரித்தார்கள். "முந்தாநாத்துதான் பெத்தா. பொம்பளப் புள்ள" என்று சொல்லிவிட்டுக் குனிந்து அடுத்ததை அள்ளினாள்.

மறுநாள் எளிமை வண்டி வண்டியாக வந்து இறங்கியது. கட்டில்கள், கம்பளங்கள், குளிக்கும் தொட்டி, நிலைக்கண்ணாடி, கூண்டு நிறையக் கோழி, ஒரு வண்டி முழுக்க வெறும் நாற்காலி. எல்லாவற்றுக்கும் மேலே, வைக்கோல் சுற்றி, பெண்வீட்டுச் சீர்போலப் பத்திரமாகத் துரைசானியின் கமோடு. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வந்தவர் முகாம் பட்லர் முகம்மது கனி. மீமிசல்காரர். கருவாட்டு வாசத்தில் பிறந்து வளர்ந்தவர், இந்தத் தோப்பின் வாசத்துக்கு அத்தர் நனைத்த கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. வண்டியை விட்டு இறங்கி நாலாபக்கமும் பார்த்தார். "இங்ஙனயா சார்? நெசமாவா?" என்றார். அந்த ஊரில் என்னைப்போல் நினைக்க ஒருவர் கிடைத்தாரே என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கனி ஒரு குச்சியை எடுத்து மணலில் முகாமைக் கோடு கிழித்தார். படுக்கிற கூடாரம் இங்கே, சாப்பிடுகிற கூடாரம் அங்கே, அடுப்படி புங்கமரத்தடியில், குளிக்கிற கூடாரம் அதற்குப் பின்னால். எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசியில் குச்சி ஆற்றுமணலுக்குள் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. "கக்கூஸ் கூடாரம் இங்ஙன. இதுக்கு மேல துரைசானியம்மா நடக்க மாட்டாக. கரையில வச்சா வாடை கூடாரத்துக்கு அடிக்கும். மணல்னா ஆழமாத் தோண்டலாம், மூடவும் லேசு."

குச்சி நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கோடையில் வெள்ளாற்றில் தண்ணீர் மேலே ஓடாது. மணலுக்குள் ஓடும். முழங்கை ஆழம் தோண்டினால் ஊறும். அந்த ஊற்றுகளை நம்பித்தான் ஆடிவரைக்கும் குடிதண்ணீர். அந்த ஊரில் இரண்டு ஊற்று. மேற்கே ஊர்க்காரர்களுடையது, ஓரம் கட்டி, சுற்றிலும் பெருக்கி, கோயில் கிணறுபோல் வைத்திருப்பார்கள். கிழக்கே கூப்பிடு தூரத்தில் சேரியின் ஊற்று. வெள்ளாறு மேற்கிலிருந்து கிழக்கே போகிற ஆறு. அதனால் ஊரின் ஊற்று முதலில், சேரியின் ஊற்று பிறகு. யாரும் சட்டம் போடவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். கனியின் குச்சி இரண்டுக்கும் நடுவே நின்றது.

"இங்கே தோண்டினால் கீழே இருக்கிற ஊற்றில் போய்ச் சேரும்" என்றேன் மணியக்காரரிடம்.

அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். நிதானமாக யோசித்தார். "நம்ம ஊத்துக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வராது. சேரி ஊற்றுக்கு வரும்."

"அப்பச் சரி" என்றார் ராசு அம்பலம், பெரிய சங்கடம் தீர்ந்தவர்போல. "நல்ல எடமாத்தான் பாத்திருக்காரு பாய்."

நான் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ராசு அம்பலம் அந்த வகை இல்லை. பஞ்ச காலத்தில் தன் குதிரிலிருந்து கேழ்வரகு அளந்து போட்டவர் என்று சொல்வார்கள். சேரிக்கும் சேர்த்துத்தான் போட்டாராம். அந்த மனுஷர்தான், வேட்டி கசங்காமல் மணலில் உட்கார்ந்துகொண்டு, அப்பச் சரி என்கிறார். தெரியாமல் சொன்னால் எடுத்துச் சொல்லலாம். தெரிந்தே சொல்கிறவரிடம் எந்தப் பாடத்தை நடத்துவது? அவர் வாயிலிருந்து வெற்றிலை வாசம் வந்தது. தோப்பு நாற்றமே தேவலை என்றிருந்தது எனக்கு.

சேதி சேரிக்குப் போக எவ்வளவு நேரமாகும்? இருளாயி வந்து தூரத்தில் நின்றாள். மணியக்காரர் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து என்னிடம் பேசினாள்.

"சாமி, எங்க ஊத்துக்கு மேல குழி வெட்டப் போறாகளாமே."

"நான் வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ஐப்பசியில நீங்கதான சொன்னீக, தண்ணியாலதான் வந்துச்சுன்னு. வீட்டுல பச்சப்புள்ள கெடக்கு. பெத்தவ கஞ்சித்தண்ணி குடிச்சுத்தான பால் குடுக்கணும். நாங்க எந்தத் தண்ணியில காச்சுறது?"

மணியக்காரரைத் தேடிப் போய், முகாம் முடிகிறவரைக்கும் சேரிக்காரர்கள் ஊரின் ஊற்றில் மொண்டுகொள்ளட்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தால், நான்தான் அவர் சாப்பாட்டில் எதையோ போட்டுவிட்டேன் என்று நினைக்கத் தோன்றும்.

"என்ன பேசுறீக ஐயா? அசிங்கமா இருக்கு" என்றார். "அவுக குடத்தை விட்டு மொண்ட தண்ணிய நம்ம பொம்பளைக வீட்டுக்குள்ள கொண்டு வருவாகளா? படிச்சவுக, சுத்தம் பாக்குற உத்தியோகம். நீங்களே இப்பிடிச் சொன்னா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொன்னால் கேட்க மாட்டான், கண்ணால் பார்த்தாலாவது வெட்கப்படுவானா என்று ஒரு வீம்பு. கிணறுகளில் போடுகிற சிவப்பு மருந்து என் பெட்டியில் இருந்தது. ஒரு சிட்டிகை போட்டாலே அண்டாத் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிவிடும். கூடாரத்து ஆட்கள் குழியை ஈரம் தட்டுகிறவரை தோண்டியிருந்தார்கள். மறுநாள் காலையில் எல்லோரையும் கூப்பிட்டேன். இருந்த மருந்தில் பெரும்பங்கைக் குழியில் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். "இது கக்கூஸ் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எங்கே போய் எழும்புகிறது என்று எல்லோரும் பாருங்கள்" என்று பிரசங்கம் செய்துவிட்டு மர நிழலில் போய் உட்கார்ந்தேன்.

திருவிழாப்போலக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேலைவெட்டியை விட்டுவிட்டு ஊர் ஆட்கள் தோப்புக்குள் குந்தினார்கள். சேரிப் பெண்கள் தங்கள் ஊற்றைச் சுற்றி நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருளாயியின் இடுப்பில் ஒரு துணிமூட்டை இருந்தது. மகளின் பிரசவத் துணி. ஆற்றின் கடைக்கோடியில் தேங்கிக் கிடக்கும் குட்டையில் அலசுவதற்காகப் புறப்பட்டவள், போகாமல் அங்கேயே நின்றுவிட்டாள். வெயில் ஏறியது. கனி கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ராசு அம்பலமும் வந்தார். பாக்கைக் கடித்துக்கொண்டே, "ஏன் ஐயா இம்புட்டுச் சிரமப்படுறீக? செவப்பு அவுக ஊத்துலதான் வரும். வரட்டுமே. அதுக்கு இப்ப என்ன?" என்றார்.

அவ்வளவுதான். நான் காலையிலிருந்து வியர்க்க வியர்க்க நிரூபிக்கக் கிளம்பியது அவருக்கு முன்பே தெரிந்த விஷயம். கண்ணால் பார்த்தாலும் அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. மருந்தையும் வீணடித்து ஊரையும் கூட்டிவைத்திருக்கிற என் முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே கூசியது.

அப்போதுதான் மேற்கேயிருந்து கூச்சல் கேட்டது. மணியக்காரரின் அண்ணி கண்ணாத்தாள் ஊர் ஊற்றில் மொள்ளப் போயிருந்தாள். குடம் உருண்டு கிடந்தது. அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "ஐயையோ, இங்கிட்டு வந்து பாருங்க! நம்ம ஊத்துல செவந்து வருது!" என்று கத்தினாள்.

ஓடினோம். ஊர் ஊற்றின் கிழக்கு ஓரத்திலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு கசிவு எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்று பார்க்கும்போதே பரவியது. நான் கிழக்கே ஓடிச் சேரியின் ஊற்றைப் பார்த்தேன். அடியில் கிடந்த கூழாங்கல் தெரிய, பளிச்சென்று இருந்தது.

கொஞ்ச நேரம் எனக்கே புரியவில்லை. பிறகு ஆற்றைப் பார்த்தேன். சேரி ஊற்றுக்குச் சற்றுக் கிழக்கே மணலுக்கு வெளியே ஒரு கரும்பாறையின் முதுகு தெரிகிறது. ஆறு அதைச் சுற்றித்தான் வளைகிறது. வெள்ளம் வந்தால் பாறைமேல் ஏறி நேராகக் கிழக்கே ஓடும். எல்லோரும் பார்த்தது அந்த ஓட்டத்தைத்தான். கோடையில் மணலுக்கடியில் ஊர்ந்து வருகிற தண்ணீர் பாறையை ஏற முடியாமல் சுற்றிக்கொண்டு, இந்தக் கொஞ்சதூரம் மட்டும் திரும்பி மேற்கே வருகிறது. முதல் ஊற்று சேரியுடையது. சேரி குடம் விட்டு மொண்டது போக மிச்சம் வருவதுதான் ஊருடையது. இதைச் சத்தமாகவே சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

ராசு அம்பலம் முதலில் நம்பவில்லை. ஏதோ வித்தை காட்டுகிறேன் என்று நினைத்து என் கைகளைப் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார், சேரி ஊற்றைப் பார்த்தார், அதைச் சுற்றி நின்ற பெண்களின் கால்களையும் குடங்களையும் பார்த்தார். "அப்ப இத்தன வருசமா…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. திரும்பி, மணலில் இரண்டு கையையும் ஊன்றி, காலையில் குடித்த கூழ் முழுவதையும் வாந்தியெடுத்தார். கக்கூஸ் குழியில் இன்னும் ஒரு ஈகூட உட்காரவில்லை. அதில் இருந்தது மருந்தும் நல்ல தண்ணீரும்தான். அவர் வாந்தியெடுத்தது அதற்கில்லை. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். கண்ணாத்தாள் நாக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கனி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். "சார், இப்பத் துரைக்கு எந்தத் தண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

இனி குழியை அங்கிருந்து தூக்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். தன் ஊற்று என்று வந்தபிறகு மணியக்காரர் தானே ஓடிவந்து தூர்ப்பார், சேரியும் பிழைக்கும், துரைசானி நாலடி கூட நடந்தால் ஒன்றும் தேய்ந்துபோக மாட்டாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். ராசு அம்பலம் வாயைக் கழுவவில்லை, கழுவ அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மணலை அள்ளி வாந்திமேல் போட்டு மூடிவிட்டு எழுந்தார்.

"குழி அங்கனயே இருக்கட்டும்" என்றார். "ஊத்தை மாத்திக்கிருவோம்."

"என்னது?"

"கெழக்கால இருக்கறத நாம எடுத்துக்கிருவோம். அவுக இங்கிட்டு வந்து மொண்டுக்கிறட்டும்."

"இதில்தானே ஐயா கக்கூஸ் தண்ணீர் வரப்போகிறது? இப்பத்தானே கண்ணால பார்த்தீர்கள்?"

"நேத்து வரைக்கும் அவுகளுக்கு வரும்னுதான நெனச்சுக்கிட்டு இருந்தோம்? இப்பவும் அவுகளுக்குத்தான் வரப்போகுது. புதுசா என்ன ஆயிருச்சு?" அவர் குரலில் கோபமே இல்லை. ஒரு குழப்பத்தைச் சரிசெய்கிற பொறுமை இருந்தது. "ஒங்க செவப்பு மருந்து மிச்சம் இருக்குல்ல? அதக் கொஞ்சம் போட்டு அவுக கை பட்ட தோசத்த எடுத்துக் குடுத்துருங்க."

"அதற்கெல்லாம் மருந்து கிடையாது."

"ஏன், வாந்திபேதிக்கே கேக்குதே?"

முடியாது என்றேன். குழியை மாற்றாவிட்டால் இந்த இடத்தில் முகாம் கிடையாது, தாசில்தாரிடம் போகிறேன் என்று கத்தினேன். போங்கள் என்றார். நாளை சாயங்காலம் துரை வருகிறார், இன்றைக்கு இடம் சரியில்லை என்று சொன்னால் யார் தலை உருளும் என்று கேட்டார். உருளப்போவது யாருடையது என்று எனக்குத் தெரியும். கனி குனிந்து தான் கிழித்த கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மணியக்காரரின் ஆட்கள் நாலைந்து பேர் மண்வெட்டியோடு கிழக்கே நடந்தார்கள். ஊற்றைத் தோண்டி அகலப்படுத்தி, பழைய மணலை அள்ளி எறிந்து, மஞ்சள்தண்ணீர் தெளித்துத் தங்களுடையதாக ஆக்கிக்கொள்ள.

அவர்கள் நெருங்க நெருங்கச் சேரிப் பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். யாரும் விரட்டவில்லை. அந்த ஆட்கள் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பது பழகிப்போன உடம்பு, அது தானாக நகர்ந்தது. குடங்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கரைப்பக்கம் போனாள். இருளாயி மட்டும் ஊற்றங்கரையில் நின்றாள். அவள் கால்களும் பின்னுக்கு ஓரடி போயின. பிறகு நின்றுவிட்டன.

"ஏ புள்ள, தள்ளு" என்றான் முன்னால் வந்தவன்.

இருளாயி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவள் என் முகத்தில் எதையும் காணாமல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இடுப்பிலிருந்த மூட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள்.

காற்றில் அந்த வாடை வந்தது. உதிரமும் பாலும் புளித்துப்போன வாடை. அவள் குத்தவைத்து உட்கார்ந்து, பிரசவத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன் குடிதண்ணீர் ஊற்றுக்குள் போட்டாள்.

"அடியே! என்ன காரியம்டி பண்ற!" கண்ணாத்தாள் அலறினாள்.

இருளாயி நிமிர்ந்து பார்க்கவில்லை. துணியை இரண்டு கையாலும் கசக்கினாள். கூழாங்கல் தெரிந்த தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிச் சிவந்தது.

"எங்க ஊத்துங்க" என்றாள். "நாங்க என்னமும் பண்ணுவம்."

மண்வெட்டியோடு வந்தவர்கள் பாம்பை மிதிக்கப்போனவர்கள்போல நின்றார்கள். ஒருவன் காறித் துப்பினான். இன்னொருவன் மண்வெட்டி அந்த ஈர மணலில் படாமல் தோளுக்கு ஏற்றிக்கொண்டான். மலத்தை அள்ளச் சொல்லிவிட்டு மேற்பார்வை பார்க்க முடிந்தவர்கள். பிள்ளை பெற்ற துணி அலசிய இடத்துக்கு அருகில் வர அவர்களால் முடியவில்லை. ராசு அம்பலம் துண்டால் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார். அடிக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். அடிக்கவும் யாராவது கிட்டே போக வேண்டுமே.

"நாசமாப் போச்சு. இனிமே அதுல மாடுகூட வாய் வைக்காது" என்றார் கடைசியில். கொஞ்சம் தூரம் நடந்து போய்த் திரும்பி நின்று ஆட்களை ஏவினார். "குழியத் தூருங்கடா. தண்ணி எங்கிட்டுத் திரும்பும்னு இனி நம்ப முடியாது. நம்ம ஊத்தத் தாண்டி மேக்கால கொண்டுபோய் வெட்டுங்க. நமக்குப் பாறைக்கு அங்கிட்டு, தண்ணி மொதல்ல வர்ற எடமாப் பாத்துப் புதுசாத் தோண்டுவம்." பிறகு இருளாயி இருந்த திசையைப் பார்க்காமலே, "தொரை வந்துட்டுப் போகட்டும்" என்றார்.

கனி தன் பாட்டுக்குக் குச்சியை எடுத்து முகாமை அழித்துவிட்டு வேறு மாதிரி போட ஆரம்பித்தார். துரைசானி எவ்வளவு தூரம் நடப்பாள் என்பது இப்போது ஒரு பிரச்சினையாக யாருக்கும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபிறகு நான் சேரியின் ஊற்றுக்குப் போனேன். இருளாயி துணிகளைப் பிழிந்து ஓரமாகக் குவித்துவிட்டு, ஒரு சிரட்டையால் ஊற்றை இறைத்துக்கொண்டிருந்தாள். அள்ளி அள்ளித் தனக்குப் பின்னால் மேற்கே வீசினாள், மணல் அதைச் சத்தமில்லாமல் குடித்தது. மற்றப் பெண்கள் கரையிலேயே நின்றார்கள், இன்னும் இறங்கி வரவில்லை. அவர்களில் ஒருத்தி மூக்கைப் பொத்தியிருந்தாள். பெட்டியில் மிச்சமிருந்த மருந்தை எடுத்து நீட்டினேன். இந்தத் தண்ணீரை இன்றைக்குக் குடிக்கக்கூடாது, காய்ச்சினாலும் கூடாது, நாளைக்கும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று என் உத்தியோகம் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டாளோ இல்லையோ. மருந்தை வாங்கவில்லை. அவள் கைகள் முழங்கைவரை நனைந்திருந்தன.

ஊற்று காலியானது. அடியில் மணல் மட்டும் கொழகொழவென்று தெரிந்தது. பிறகு கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் திரண்டு, தண்ணீர் சுரந்து, கையளவு நின்றது. இருளாயி அதை உள்ளங்கையில் ஏந்தி மூக்கருகே கொண்டுபோனாள். முகம் கோணியது. தலையைத் திருப்பிக்கொண்டு, ஓங்கரித்து, ஒன்றும் வராமல் எச்சிலைத் துப்பினாள். ஏந்தியதை எறிந்துவிட்டுச் சிரட்டையை எடுத்து மறுபடி இறைக்கத் தொடங்கினாள்.